இறந்ததாக நான் எழுதிய செல்வராசு

என் பதினாறு வருட ஆய்வு வேலையில் ஒரே ஒரு முறைதான் உயிரோடு இருந்த மனிதரை இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைப் பற்றி அரையும் குறையுமாகக் கேள்விப்பட்டு என்னிடம் வந்து கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

நான் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். பிறகு அங்கேயே ஆய்வுப் பிரிவு தொடங்கியபோது ஒருங்கிணைப்பாளராக மாறினேன். எங்கள் தொழிலில் அதை 'கோ-ஆர்டினேட்டர்' என்போம். நோயாளியிடம் சம்மதப் படிவம் வாங்குவது, ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிப்பது, மாத்திரையை எண்ணிக் கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்குவது, வராதவர்களை ஃபோனில் தேடுவது, எல்லாம் கோ-ஆர்டினேட்டர் வேலை. அப்போது எங்கள் தலைமை ஆய்வாளர் டாக்டர் மீனாட்சிசுந்தரம். அதிகம் பேசாதவர்.

1. ஃபோன்

அந்த ஆய்வு வாய்ப் புற்றுநோய் பற்றியது. ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தோம். ஒரு குழுவுக்குத் தினமும் மாத்திரை. இன்னொரு குழுவுக்கு வழக்கமான செக்-அப் மட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நோய் திரும்பி வருவது குறைகிறதா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடந்தது. நாங்கள் அதில் ஒரு சின்ன சென்டர்.

செல்வராசு மாத்திரைக் குழுவில் இருந்தார். அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகும் வழியில் உள்ள ஒரு ஊர்க்காரர். வயது நாற்பத்தாறு. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அங்கே இருந்த காலமெல்லாம் புகையிலை மென்றிருக்கிறார். இடது கன்னத்தின் உள்பக்கம் புண் வந்து, ஆறாமல், லீவில் ஊருக்கு வந்து காட்டியபோது புற்று என்று தெரிந்தது. வெட்டி எடுத்தோம். கதிர்வீச்சு கொடுத்தோம். நன்றாகத் தேறினார். ஒரு செக்-அப்கூடத் தவறாமல் வந்தார்.

ஒரு புதன்கிழமை காலை, அடுத்த செக்-அப்புக்கு நினைவூட்ட அவர் வீட்டு எண்ணுக்கு ஃபோன் செய்தேன். மனைவி வளர்மதி எடுத்தார்.

"ஐயா எப்புடி இருக்காங்கம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அழுகை. "அவுக போயிட்டாக மேடம். இன்னையோட மூணு நாளாச்சு. வீடே வெறிச்சோடிக் கெடக்கு."

போன மாதம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்த மனிதர். மரணச் செய்தி வந்தால் நான் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்தத் தேதி, எந்த இடம், என்ன காரணம். படிவம் மேசை மேலேயே இருந்தது. அழுகிற பெண்ணிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "தைரியமா இருங்கம்மா, நான் அப்பறம் பேசுறேன்" என்றேன். அவர் சட்டென்று லைனை வைத்துவிட்டார்.

அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மதியமும் ஸ்விட்ச் ஆஃப். துக்க வீட்டில் யார் ஃபோனைப் பார்ப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். செல்வராசுவின் கோப்பை எடுத்து, 'இறந்துவிட்டார்; தகவல்: மனைவி' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

2. கேட்காத மூன்று கேள்விகள்

டாக்டர் கோப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னைக்கு?"

"மூணு நாள் ஆச்சாம் சார்."

"எங்க வச்சு? வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?"

"கேக்கல சார்."

"எதுனால?"

"அழுதாங்க சார். அதுக்கு மேல கேக்க முடியல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "ராஜேஸ்வரி, நாலு வாரம் முன்னால நல்லா இருந்த ஆளு. நம்ம குடுத்த மாத்திரையச் சாப்புட்டுக்கிட்டு இருந்தவரு. மாத்திரைனால செத்தாரா இல்லையான்னு நமக்குத் தெரிய வேணாமா? இங்க இன்னும் எத்தனை பேரு அதே மாத்திரையச் சாப்புடுறாங்க?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

ஆய்வில் இருக்கும் ஒருவர் இறந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், ஆய்வில் இருப்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஆய்வை நடத்தும் தலைமை அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தோம். காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போட்டோம். மறுநாளே பதில் வந்தது. காரணம் தெரியும்வரை எங்கள் சென்டரில் புதிதாக யாரையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது; மாத்திரைக் குழுவில் இருக்கும் எல்லோரையும் வரவழைத்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வியாழனும் வெள்ளியும் நான் ஃபோனும் கையுமாக இருந்தேன். "எதுக்கு மேடம் திடீர்னு ரத்தம்?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். உண்மையைச் சொல்லியாக வேண்டும், அது விதி. சொன்னதும் அந்தப் பக்கம் குரல் மாறுவதைக் கேட்டேன். ஒருவர், "அப்ப இன்னைக்கு மாத்திரையப் போடவா, வேணாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதே வெள்ளிக்கிழமை ஆய்வில் சேருவதற்காக மணமேல்குடியிலிருந்து ஒரு மீன் வியாபாரம் செய்யும் அம்மா வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். இப்போதைக்குச் சேர்க்க முடியாது என்று நான்தான் சொன்னேன். "நா ஏதும் தப்பாச் சொல்லிட்டனா தாயி?" என்று கேட்டார். உங்கள் மேல் தப்பில்லை, மறுபடி கூப்பிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு பாத்ரூமுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மாலை டாக்டர் கூப்பிட்டார். "நாளைக்கு நீயே நேருல போ. வீட்டுல உக்காந்து, நிதானமாக் கேட்டுட்டு வா. டெத் சர்ட்டிஃபிகேட் இருந்தா ஒரு காப்பி."

3. ஏர்ப்போர்ட் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு

சனிக்கிழமை அறந்தாங்கி பஸ் பிடித்து, அங்கிருந்து மினி பஸ் மாறி, மதியம் ஒரு மணிக்கு அந்த ஊரில் இறங்கினேன். வெளிர் நிறச் சேலை. பையில் மரண விவரப் படிவம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விகளை எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நிறுத்தத்தில் நின்ற ஒருவரிடம் செல்வராசு வீட்டைக் கேட்டேன். "ஏ.சி. செல்வராசா? இங்கிட்டு நேராப் போயி, தண்ணித் தொட்டிக்கு அங்கிட்டு ரெண்டாவது வீடு" என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியாதது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வாசலில் பந்தல் இல்லை. நாற்காலிகள் இல்லை. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வளர்மதி கை நிறைய மாவோடு எட்டிப் பார்த்தார். நெற்றியில் குங்குமம், தலையில் பூ. சில வீடுகளில் பதினாறாம் நாள்தான் எல்லாம் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பூ?

என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. "ஆஸ்பத்திரி மேடமா? வாங்க. உள்ள வாங்க."

உட்கார்ந்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வருத்தமா இருந்துச்சும்மா. மனசத் தேத்திக்கங்க" என்றேன்.

"என்னங்க பண்றது. புள்ளைக படிப்பு இருக்கு. போய்த்தான ஆகணும்னு போயிட்டாக."

"கடைசியா எப்புடி இருந்தாங்க? வலி, காய்ச்சல் எதுவும்..."

"இல்லங்க. ஏர்ப்போர்ட்டு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக."

படிவத்தில் வைத்த பேனா அப்படியே நின்றது. "எந்த ஏர்ப்போர்ட்டு?"

"திருச்சிதான். நானும் எங்க தம்பியும் போயி ஏத்திவிட்டுட்டு வந்தோம். நேத்துக்கூட ஃபோன் பண்ணுனாக. சோறு எறங்கலையாம். தயிரு ஊத்திக் கரைச்சுக் குடிக்கிறாகளாம்." அதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. விசா முடியப் போவுது, ஆஸ்பத்திரியில சொன்னாப் போக விட மாட்டாக, சொல்லாதன்னு சொல்லிட்டுத்தான் போனாக. அன்னைக்கு நீங்க கேக்கவும் வாய் தவறிச் சொல்லிட்டேன். அதான் பயந்துக்கிட்டு ஃபோனையே அமத்திப் போட்டுட்டேன். எம் மக ஃபோன்லதான் அவுககிட்டப் பேசுறோம்."

நான் சுவரில் சாய்ந்தேன். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை. வளர்மதி பயந்து போய் என் தோளைப் பிடித்தார். "என்னங்க? என்ன ஆச்சு?"

மறைக்க முடியாது. சொன்னேன். நீங்கள் 'போயிட்டாக' என்றதும் இறந்துவிட்டார் என்று எழுதிவிட்டேன் என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். "நல்லா இருக்குற மனுசன... ஒரு வார்த்தை எங்கன்னு கேட்டிருக்கக் கூடாதா மேடம்?" என்று மட்டும் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். மன்னிப்பு கேட்க நானும் பின்னால் போகவில்லை. அப்போது அவர் முகத்தைப் பார்க்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார். "குடிங்க. வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு."

வாசலுக்கு வந்து டாக்டரைக் கூப்பிட்டேன். "சார், உயிரோட இருக்காரு."

"எங்க?"

"மஸ்கட்ல சார்."

அவர் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்ததும் குரல் பழையபடி ஆகிவிட்டது. "நீ பாத்தியா அவர?"

"இல்ல சார், வீட்டம்மா சொன்னாங்க."

"போன தடவையும் அவங்கதான் சொன்னாங்க. ஆளப் பாத்துட்டு எழுது."

4. துண்டு

மகளின் ஃபோனில் வீடியோ கால் போட்டோம். அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனிச் சட்டையோடு ஒரு கட்டிடத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். செல்வராசுதான். அந்த நிமிடம் எனக்கு இருந்த நிம்மதியை எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போட்டிருந்தார். நர்ஸாக இருந்தவளுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

"துண்ட எடுங்க செல்வராசு."

"வளரு, மேடத்துக்குக் காப்பி போட்டுக் குடு" என்றார் அவர். வளர்மதி அடுக்களைக்குப் போனார். வளர்மதி போய்விட்டார் என்று நான் சொன்ன பிறகுதான் செல்வராசு துண்டை எடுத்தார். இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"எப்ப இருந்து?"

"போன செக்-அப்பு முடிஞ்ச மறு வாரத்துல இருந்துங்க. மொதல்ல பட்டாணி மாதிரி இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் வெட்டுவீங்க. மறுபடியும் கரண்டு வைப்பீங்க." கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "இன்னொருக்காத் தாங்க மாட்டேங்க. திரும்ப வந்துருச்சுன்னு எனக்கே தெரியும். இருக்குற வரைக்கும் இங்க ஒழைச்சு அனுப்பிட்டுப் போயிடுறேன். நீங்கதான் செத்ததா எழுதிட்டீங்கல்ல, அப்புடியே இருக்கட்டும்."

சம்மதப் படிவத்திலேயே இருக்கிறது: ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதை முதலில் சொன்னேன். அப்புறம் ஆய்வை விட்டுவிட்டுப் பேசினேன்.

"செல்வராசு, எனக்கு என்னன்னு தெரியாமலே நீங்க செத்துட்டதா எழுதுனேன். இப்ப நீங்களும் அது என்ன கட்டின்னு தெரியாமலே அதையேதான் எழுதுறீங்க. நான் பண்ணுனது தப்புன்னா நீங்க பண்றதும் தப்புதான். ஊசி குத்திப் பாத்தா ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சுரும். தெரிஞ்சதுக்கு அப்பறம் வைத்தியம் வேணாம்னு சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவர் மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டார்.

"வளருகிட்டச் சொல்லிருவீங்களா?"

"நான் சொல்ல மாட்டேன். ஒங்க ஒடம்பு, நீங்கதான் சொல்லணும். ஆனா சீக்கிரம் சொல்லுங்க."

காப்பி வந்தது. குடித்தேன். வளர்மதி இப்போது சிரித்த முகத்தோடு, புருஷன் இளைத்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையாட்டினேன். வந்த வேலை பாதிதான் முடிந்தது என்று தெரிந்தே மினி பஸ்ஸில் ஏறினேன்.

5. ஒற்றைக் கோடு

திங்கட்கிழமை காலை வளர்மதி ஃபோன் செய்தார். அழுதார். இந்த முறை நான் கேட்காமல் விடவில்லை. எதற்கு அழுகிறீர்கள், அவர் என்ன சொன்னார், எப்போது கிளம்புகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வளர்மதி மூன்று மணி நேரம் ஃபோனில் பேசி, திட்டி, கடைசியில் ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். அடுத்த வாரமே செல்வராசு அவசர லீவில் வந்து இறங்கினார்.

டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஊசி குத்தித் திரவம் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். அந்த மூன்று நாளும் நான் லேப் பக்கமாகப் போகும் வேலைகளையெல்லாம் நானே வாங்கிச் செய்தேன்.

ரிசல்ட் வந்த அன்று இருவரையும் உட்கார வைத்து டாக்டர் சொன்னார்: "புற்று இல்ல. இது டி.பி. கட்டி. நெஞ்சுல இல்ல, கழுத்து நெறியில மட்டும். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிடும்."

வளர்மதிக்குப் புரியவில்லை. "டி.பி.யா? அப்ப அது இல்லையா? அந்த நோவு திரும்ப வரலையா?"

"வரலம்மா."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். செல்வராசு என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "டி.பி.ங்களா?" என்று கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். டி.பி. என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆய்வு மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து டி.பி.க்கு வழிவிட்டிருக்கலாம் என்பதால் அவருக்கு அதை நிறுத்தினோம். அதையும் முறையாகத் தெரிவித்தோம். மஸ்கட் வேலை போய்விட்டது. ஒரு மாதம் வீட்டில் சும்மா இருந்து, பிறகு அறந்தாங்கியில் ஒரு நண்பரோடு சேர்ந்து ஏ.சி. சர்வீஸ் தொடங்கினார்.

நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் தவறை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தவறு என்ன என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். 'இறந்துவிட்டார்' என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'உயிருடன் உள்ளார்' என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் 'மனைவி சொன்னதை விசாரிக்காமல் நானே பொருள் கொண்டது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். எத்திக்ஸ் கமிட்டிக்கு விளக்கக் கடிதம் போனது. என் பெயருக்குக் கீழே டாக்டரும் கையெழுத்துப் போட்டார். "என் சென்டர்ல நடந்தது, நானும்தான் பொறுப்பு" என்றார். தடை நீங்கியதும் நான் செய்த முதல் ஃபோன் மணமேல்குடி அம்மாவுக்கு. அவர் மறுநாளே வந்தார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் தவறுதான் அவரைக் காப்பாற்றியது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஃபோன் கிடைக்கவில்லை என்றதுமே நேரில் போயிருக்க வேண்டும். ஃபோன் எடுக்காதவரின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவது எங்கள் வழக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அதை மாற்றினோம். இப்போது இரண்டு முறை கிடைக்காதவர் வீட்டுக்கு யாராவது ஒருவர் பஸ் ஏறியே தீர வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். அழுகிறவரிடம் கேள்வி கேட்பது கொடுமை என்று நினைக்காதீர்கள். நானும் இரக்கம் என்று நினைத்துத்தான் கேட்காமல் விட்டேன். உண்மையில் என் சங்கடத்திலிருந்து நான் தப்பித்துக்கொண்டேன், அவ்வளவுதான். மெதுவாகக் கேளுங்கள். கூடவே இருந்து கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

போன மாதம் செல்வராசுவுக்கு ஆய்வின் கடைசி செக்-அப். வாய் சுத்தம். கழுத்து சுத்தம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அளந்தார். மூன்று விரல் நுழைந்தது. கதிர்வீச்சில் தாடை இறுகிப்போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். மதியம் நான் சாப்பிடப் போன கடையில் அவரும் வளர்மதியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இலையில் பரோட்டாவும் சால்னாவும். மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"காரம் தாங்குதா?" என்று கேட்டேன்.

"எரியுதுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். "எரியட்டும்."